வாக்குமூலத்தை எத்தனை முறை திருத்தலாம்?

ருமேனிய இயக்குநர் கலின் பீட்டர் நெட்சரின் ‘சைல்ட்ஸ் போஸ்’ 2013-இல் பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருது வாங்கியது. படத்தைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் மகனை விழுங்கப் பார்க்கும் ஒரு தாயைப் பற்றியே எழுதுகிறார்கள். தலைப்பும் அதற்குத் தோதாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு இது ஒரு போலீஸ் ஸ்டேஷன் மேஜையையும் அதன்மேல் கிடக்கும் காகிதத்தையும் பற்றிய படம்.

கதை ரொம்பச் சின்னது. புக்கரெஸ்டில் வசதியாக வாழும் கட்டடக் கலைஞர் கொர்னேலியா. அவருடைய மகன் பார்பு, வளர்ந்த ஆள், அம்மாவோடு சரியாகப் பேசுவதில்லை. நெடுஞ்சாலையில் இன்னொரு காரை முந்தும்போது ஒரு சிறுவன்மீது மோதிவிடுகிறான். சிறுவன் இறந்துவிடுகிறான். விபத்தை நமக்குக் காட்டுவதே இல்லை. நாம் பார்ப்பதெல்லாம் அதற்குப் பின் நடக்கும் எழுத்து வேலையை.

கொர்னேலியா விலையுயர்ந்த ரோமக் கோட்டோடு ஸ்டேஷனுக்குள் நுழைகிறார். கையில் போன். மகன் ஏற்கெனவே வாக்குமூலம் எழுதிவிட்டான், எந்த வேகத்தில் போனான் என்பது உட்பட. அம்மா அதைப் படித்துவிட்டு வேகத்தைக் குறைத்து எழுதச் சொல்கிறார். அதுவும் போலீஸ்காரர்கள் முன்னாலேயே! அவர்கள் எரிச்சல்படுகிறார்கள், எதிர்த்துப் பேசுகிறார்கள். ஆனால் இவர் யார், யாரைத் தெரிந்தவர் என்பது புரியப் புரிய குரல் இறங்குகிறது. அதட்டல் இல்லை, அடி இல்லை. ஒரு எண் மாறினால் வழக்கின் கனமே மாறிவிடும் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

நெட்சரின் கேமரா இந்தக் காட்சியில் ஒரு இடத்தில் நிற்பதில்லை. முகம் விட்டு முகம் தாவுகிறது, சில சமயம் தப்பான ஆளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. முதல்முறை பார்த்தபோது தலைவலியாக இருந்தது. இரண்டாம் முறைதான் காரணம் பிடிபட்டது. அந்த அறையில் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பது நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது. கேமரா அதைத்தான் துரத்திக்கொண்டு ஓடுகிறது.

இதைப் பார்க்கும் நம்மூர்க்காரருக்கு ஒரு விஷயம் விநோதமாகப் படும். அங்கே விசாரிக்கப்படுபவனே பேனாவைப் பிடித்து எழுதுகிறான். இங்கே போலீஸ் விசாரணையில் நாம் சொல்வதை அவர்கள்தான் எழுதிக்கொள்வார்கள். சொன்னவர் அதில் கையெழுத்துப் போடக்கூடாது என்பது சட்டம். 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 162-ஆம் பிரிவு அதைச் சொன்னது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 181-ஆம் பிரிவாக அது தொடர்கிறது. மிரட்டிக் கையெழுத்து வாங்கிவிடுவார்களோ என்கிற சந்தேகம் சட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

அந்தச் சந்தேகம் எவ்வளவு நியாயமானது என்பதை வெற்றிமாறனின் ‘விசாரணை’ பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மு. சந்திரகுமாரின் ‘லாக்கப்’ நாவலிலிருந்து உருவான படம். குண்டூரில் பிழைக்கப்போன தமிழ் இளைஞர்களைச் செய்யாத திருட்டை ஒத்துக்கொள்ளச் சொல்லி அடிக்கிறார்கள். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்னால் தூங்க முடியவில்லை. ஒரு படத்தில் செய்யாததைச் சொல்ல வைக்க லத்தி. இன்னொன்றில் செய்ததைக் குறைத்து எழுத அனுமதி. தான் சொன்னதைத் திருத்திக்கொள்ளும் வசதி யாருக்குக் கிடைக்கிறது என்பதுதான் கேள்வி. எழுதுகிறவர்களுக்குத் தெரியும், திருத்தி எழுத நேரம் வேண்டும், இடம் வேண்டும், பக்கத்தில் ஆள் வேண்டும். பார்புவுக்கு மூன்றும் இருக்கின்றன. பாண்டிக்கு ஒன்றுகூட இல்லை.

இதே மேஜையை நூரி பில்கே ஜெய்லானின் ‘த்ரீ மங்கீஸ்’ வேறு விதமாகக் கையாள்கிறது. 2008-இல் கானில் சிறந்த இயக்குநருக்கான விருது பெற்ற துருக்கியப் படம். தேர்தலில் நிற்கும் செர்வெத் கார் ஓட்டும்போது கண் அசந்து ஒருவரை மோதிவிடுகிறான். தன் டிரைவர் எயூப்பைக் கூப்பிட்டுப் பழியை ஏற்றுக்கொள்ளச் சொல்கிறான், பணத்துக்கு. இவனுக்குத் திருத்தி எழுதும் தொல்லைகூட இல்லை, எழுதுகிற ஆளையே மாற்றிவிடுகிறான். கடைசியில் தன் வீட்டில் ஒரு குற்றம் நடந்ததும் எயூப் என்ன செய்கிறான்? தன்னைவிட ஏழையான டீக்கடைப் பையன் பைராமைத் தேடிப் போகிறான். ஜெய்லான் இதற்கு ஒரு வார்த்தை விளக்கம் தருவதில்லை.

நெட்சரின் படத்தில் வாக்குமூலங்கள் ஸ்டேஷனோடு முடிவதில்லை. விபத்தின் முக்கிய சாட்சி தன் வாக்குமூலத்துக்கு விலை பேசுகிறான். கடைசியில் கொர்னேலியா இறந்த சிறுவனின் வீட்டுக்கே போகிறார். தன் மகன் எவ்வளவு நல்லவன் என்று அந்தப் பெற்றோரிடம் அழுது அழுது சொல்கிறார். பல விமர்சகர்கள் இங்கே உருகிவிட்டார்கள். எனக்கு இதுவும் ஒரு திருத்தம்தான். பிள்ளையை இழந்தவர்கள் முன்னால் தன் பிள்ளையைப் பற்றியே பேசி முடிக்க ஒருவரால் முடிகிறது. லுமினிட்சா கெயோர்கியூ இதை அவ்வளவு நிஜமாக நடிப்பதால் நமக்கும் கண் கலங்குகிறது, கலங்கியதற்காகக் கூச்சமும் வருகிறது. அந்தக் கண்ணீரில் சிறுவனின் தாய் தகப்பன் பின்னால் தள்ளப்படுகிறார்கள். படத்தின்மேல் எனக்குள்ள மனத்தாங்கலும் அதுதான்.

அதை ஓரளவு சரிசெய்வது கடைசிக் காட்சி. அதுவரை காரைவிட்டு இறங்காத பார்பு இறங்கிப் போய் அந்தத் தகப்பன் முன்னால் நிற்கிறான். நாம் கொர்னேலியாவோடு காருக்குள்ளேயே இருக்கிறோம். அவன் என்ன சொன்னான் என்று நமக்குக் கேட்பதில்லை, அம்மாவுக்கும் கேட்பதில்லை. படம் முழுக்க அவர் பார்த்துத் திருத்தாத ஒரே வாக்குமூலம் அது.