வாசல்வரை ஆகும் செலவு

வளரும் நாடுகளின் மாணவர்களுக்கு முழுச் செலவையும் ஏற்கும் உதவித்தொகைகளில் பிரிட்டன் அரசின் செவனிங்குக்குத் தனி மதிப்பு உண்டு. 1983இல் வேறு பெயரில் தொடங்கி, 1994இல் இந்தப் பெயரைப் பெற்றது. ஓராண்டு முதுகலைப் படிப்புக்கான கட்டணம், மாதச் செலவுக்குப் பணம், விமான டிக்கெட், விசா எல்லாம் இதில் அடக்கம். 2018இல் கோஸ்டா ரிக்காவின் அதிபரான கார்லோஸ் அல்வராடோ இந்த உதவியில்தான் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்தார். செவனிங் திறமைசாலிகளைக் கண்டெடுக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எந்த வீட்டுத் திறமைசாலிகளை என்பதுதான் கேள்வி.

விண்ணப்பத்தையே பார்ப்போம். 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும். பகுதிநேர வேலையும் சம்பளமில்லாத தொண்டும் அதில் சேரும். தாராளமான விதிதான். ஆனால் மாதக்கணக்கில் சம்பளம் வாங்காமல் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்க, வீட்டில் அடுப்பெரிய வேறொருவர் சம்பாதிக்க வேண்டும். அடுத்து, தலைமைப் பண்பு, தொடர்புகளை வளர்க்கும் திறன், பிரிட்டனில் படிக்க விரும்பும் காரணம், எதிர்காலத் திட்டம் எனக் கட்டுரைகள். அப்பா இறந்தபின் தம்பி தங்கைகளைப் படிக்கவைத்து, மாலையில் டியூஷன் எடுத்து, கடனையும் அடைத்த பெண்ணுக்குத் தலைமைப் பண்பு இருக்கிறது. அதை அந்தப் பெயரில், அதுவும் ஆங்கிலத்தில், எழுதிக்காட்ட அவளுக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. நகரத்து நல்ல கல்லூரியில் படித்தவருக்கு அது மூன்றாம் ஆண்டிலேயே பழக்கமாகிவிடுகிறது. இது போக, மூன்று படிப்புகளுக்குத் தனியே விண்ணப்பித்து, குறித்த தேதிக்குள் ஒன்றிலாவது நிபந்தனையற்ற அனுமதி வாங்க வேண்டும். பல்கலைக்கழகம் ஆங்கிலத் தேர்வு கேட்டால் ஐஇஎல்டிஎஸ் எழுத வேண்டும்; இந்தியாவில் அதற்கு ஒரு முறைக்கே 15,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. மதிப்பெண் குறைந்தால் மறுபடியும் அதே தொகை. உதவித்தொகை கிடைத்தபின் எல்லாம் இலவசம். கிடைக்கும்வரை எல்லாம் கைக்காசு. ஏழை மாணவர் பின்வாங்குவது இந்த இடத்தில்தான். அவர் விண்ணப்பிக்கவே இல்லை என்பதால் நிராகரிக்கப்பட்டோர் பட்டியலிலும் அவர் பெயர் இருக்காது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. உயர்கல்வி உதவித்தொகை வறுமை நிவாரணம் அல்ல. நடுத்தரக் குடும்பத்து மருத்துவர் ஒருவர் பொதுச் சுகாதாரம் படித்துத் திரும்பினால் பலன் ஏழைகளுக்கும்தானே? திரும்பி வந்து இரண்டாண்டுகள் தாய்நாட்டில் இருக்க வேண்டும் என்று செவனிங்கும் விதித்திருக்கிறது. இந்த வாதத்தை என்னால் தள்ளிவிட முடியவில்லை. ஆனால் வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடியின் விதிகளின்படி இப்படிப்பட்ட உதவித்தொகையை வளர்ச்சி உதவிக் கணக்கில் காட்டலாம்; செவனிங் செலவும் அந்தக் கணக்கில் சேர்கிறது. கட்டணமாகக் கொடுக்கும் பணமோ பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கே போகிறது. உதவி என்று கணக்கு எழுதினால், யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று கேட்கும் உரிமையும் வந்துவிடுகிறது.

அதே பிரிட்டன் 1959இல் ஒப்புக்கொண்டு மறு ஆண்டு தொடங்கிய காமன்வெல்த் உதவித்தொகை அந்தக் கேள்வியை முன்கூட்டியே கேட்கிறது. சொந்தச் செலவில் பிரிட்டனில் படிக்க இயலாதவராக இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஆனால் பிரிட்டனில் வெளிநாட்டு மாணவருக்கு ஆகும் கட்டணத்தைப் பார்த்தால், நம் ஊர்களில் மாதச் சம்பளக்காரர் பெரும்பாலோர் இயலாதவர்தாம். சல்லடையின் கண் மிகப் பெரிது.

காமன்வெல்த்தில் என்னைக் கவர்வது வேறு இரண்டு ஏற்பாடுகள். ஒன்று, வேலையை விடாமல் சொந்த நாட்டிலிருந்தே படிக்கும் தொலைநிலை முதுகலை. கைக்குழந்தைக்காரிக்கும் முதிய பெற்றோரைப் பார்த்துக்கொள்பவருக்கும் இது திறக்கும் கதவை வேறெதுவும் திறப்பதில்லை. மற்றொன்று, முனைவர் பட்ட மாணவர் தன் பல்கலைக்கழகத்திலேயே பதிவுசெய்துகொண்டு, ஓராண்டு வரை மட்டும் பிரிட்டனில் ஆய்வு செய்யும் முறை. ஆய்வகமும் நூலகமும் கிடைக்கின்றன; வழிகாட்டியும் பட்டமும் உள்ளூரிலேயே நிற்கின்றன. ஒரு மாணவரோடு ஒரு துறையே வளர இதில் வழி இருக்கிறது. 2012இல் தொடங்கிய மாஸ்டர்கார்டு அறக்கட்டளையின் திட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், ஏழ்மையையும் ஒரு தகுதியாக வைத்து, உகாண்டாவின் மக்கெரெரே, கானாவின் அஷேசி போன்ற ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களிலும் மாணவர்களைப் படிக்கவைக்கிறது. அங்கே படிப்பவர்களைப் பொறுத்தவரை, பணமும் அந்தக் கண்டத்திலேயே தங்குகிறது, மாணவரும் அங்கேயே தங்குகிறார்.

நாட்டில் இல்லாத துறைக்கும் கருவிக்கும் வெளிநாடு போகத்தான் வேண்டும். அதற்கு முழு உதவித்தொகை தேவை, கூட்டவும் வேண்டும். ஆனால் உள்ளூரிலேயே நன்றாகக் கற்பிக்கக்கூடிய ஓராண்டு முதுகலைக்கு ஒருவரைக் கடல் கடத்தும் பணத்தை, வளர்ச்சிக்கான செலவாக என்னால் ஏற்க முடியவில்லை. செவனிங்கை நட்பு வளர்க்கும் வெளியுறவுத் திட்டம் என்று சொன்னால் அது சிறந்த திட்டம். வளர்ச்சி உதவி என்றே சொல்லிக்கொள்வதானால், நேர்காணலுக்கு அழைக்கப்படும் ஒவ்வொருவரின் ஆங்கிலத் தேர்வுக் கட்டணத்தையும் அது ஏற்க வேண்டும். தேர்வானவர்களில் எத்தனை பேர் தங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள் என்பதையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.