துப்பாக்கியும் முத்திரையும்: ஆ கியூவை மறுபடி வாசித்தல்

சீனத்து யுத்தப் பிரபுக்களைப் பற்றிப் பேச்சு வந்தால் நம் தோழர்கள் வழக்கமாகச் சொல்வது இது: மைய அரசு பலவீனமாகப் போச்சு, தளபதிகள் ஆளுக்கொரு மாகாணத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மையம் பலமாக இருந்திருந்தால் ஜனங்கள் பிழைத்திருப்பார்கள் என்பது இதன் உட்பொருள். இந்தக் கதையாடலை என்னால் ஏற்க முடியவில்லை.

1916இல் யுவான் ஷிகாய் செத்த பிறகும் பீகிங் அரசு மறைந்துவிடவில்லை. அதன் ஆணை பல மாகாணங்களில் செல்லாது. ஆனால் அந்நிய நாடுகள் அங்கீகரித்தது அதைத்தான். சுங்க வருவாயில் கடன் போக மிஞ்சிய பணமும், கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் உரிமையும் அதற்கே. 1917-18இல் துவான் சீருயி ஜப்பானிடம் வாங்கிய கடன் சுமார் 14.5 கோடி யென். 1923இல் சாவ் குன் பாராளுமன்ற உறுப்பினர்களுக்குத் தலைக்கு 5,000 வெள்ளி யுவான் கொடுத்து ஜனாதிபதி ஆனார். வெறும் நாற்காலிக்கு எவனாவது இவ்வளவு காசு கொடுப்பானா? ஆக, யுத்தப் பிரபுக்கள் மையத்தை அழிக்க வந்தவர்கள் அல்ல. அதன் முத்திரையை ஏலம் கேட்க வந்தவர்கள்.

இந்தப் பீகிங்கில்தான் 1921 டிசம்பர் முதல் லூ சுன்னின் 'ஆ கியூ' தொடராக வந்தது. கதையில் நடப்பது 1911 புரட்சி. புரட்சிக்குப் பிறகும் பழைய அதிகாரிகளே புதுப் பட்டங்களோடு உட்கார்ந்திருக்கிறார்கள். செய்யாத கொள்ளைக்காக ஆ கியூவைப் பிடிக்கிறார்கள். எழுதத் தெரியாதவன், அதனால் காகிதத்தில் வட்டம் போடச் சொல்கிறார்கள். வட்டம் சரியாக வரவில்லையே என்பதுதான் அவன் வெட்கம். இதை 'அடிமை மனோபாவம்' என்று சொல்லி விமர்சகர்கள் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்தக் காகிதம்தான் முக்கியம். துப்பாக்கி வைத்திருக்கிறவன் எதற்குக் காகிதம் கேட்கிறான்? சும்மா சுட்டால் கொலை. வட்டம் விழுந்த பிறகு சுட்டால் தண்டனை.

1926 மார்ச் 18 அன்று பீகிங்கில் ஊர்வலம் போனவர்களைச் சுட்டது ஏதோ தூரத்து மாகாணத் தளபதி அல்ல, துவான் அரசின் வாசற்காவலர்கள். 47 பேர் செத்தார்கள். லூ சுன்னின் மாணவிகளும் அதில் உண்டு. செத்தவர்களைக் கலகக்காரர்கள் என்றது அரசு ஆணை. மறுபடியும் காகிதம்.

1928இல் நாட்டை ஒன்றாக்கிவிட்டதாக சியாங் கை-ஷேக் அறிவித்தபோதும், ஷான்சி மாகாணம் யான் ஷிஷானிடமே இருந்தது. பட்டம்தான் புதுசு.

பலமான மையம் வேண்டும் என்கிற தோழர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: முத்திரை யார் கையில் என்று கணக்குப் பார்க்கிறீர்கள், சரி. கீழே வட்டம் போடப்போவது யார்?