பழைய படகும் புதிய பூச்சும்

பந்தல்குடியில் கடல் இல்லை. தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் ஊர் வழியே செல்கின்றன; அவ்வளவே. கண்மாயில் நீர் நிற்பதும் மழைக்குப் பின் சில மாதங்கள்தாம். இப்படிப்பட்ட கரிசல் சீமையில், பரணில் கிடந்த ஒரு பழைய பாய்மரப் படகு மாதிரியை மாணவர்கள் சீர்செய்து அறிவியல் கண்காட்சியில் வைத்திருந்தார்கள். பாக் நீரிணை மீனவர்களின் வள்ளத்தை 1/10 அளவில் காட்டும் மாதிரி அது. நீளம் 1 மீட்டர்.

முயற்சி பாராட்டத்தக்கது. அறுந்த கயிறுகளைப் பொறுமையுடன் முடிந்திருந்தார்கள். பாய் துணியில் அளவாகத் தைக்கப்பட்டிருந்தது. ஆனால் தொட்டி நீரில் விட்டு மின்விசிறியைச் சுழலவிட்டதும் படகு சாய்ந்து கவிழ்ந்தது. "செய்த ஆசாரிக்குக் கணக்குத் தெரியவில்லை" என்று விளக்கம் தந்தார்கள். இவ்விளக்கத்தை நாம் ஏற்பதற்கில்லை.

முதலில் சீர்செய்த முறையைப் பார்ப்போம். பல ஆண்டுகள் காய்ந்து கிடந்த மரம் சுருங்கும்; பலகைகளுக்கிடையே இடுக்குகள் விழும். இந்த இடுக்குகளைக் கெட்டியாக இறுகும் பசையால் அடைத்து, அதன்மேல் பளபளக்கும் பெயின்டை மூன்று முறை பூசியிருந்தார்கள். நீர் பட்டதும் மரம் உப்பும். உப்புவதற்கு இடம் இல்லாவிட்டால் பலகை பிளக்கும் அல்லது நெளியும். பஞ்சுத் திரியை வைத்து அடைப்பதே பழைய வழக்கம். மரம் உப்பும்போது பஞ்சு அமுங்கிக் கொடுக்கும். பெயின்டின் கீழ் மறைந்துபோன உளித் தடங்களோ இனித் திரும்பா.

இரண்டாவது குறை கொடி. பாய் பின்காற்றில் முன்னோக்கிப் புடைத்திருந்தது. கொடியோ பின்னோக்கிப் பறப்பது போல ஒட்டப்பட்டிருந்தது. பின்காற்றில் செல்லும் படகு காற்றைவிட மெதுவாகவே செல்வதால், கொடியும் முன்னோக்கியே பறக்கும். ஒரே படகில் இரண்டு காற்றுகள் வீசமாட்டா!

மூன்றாவது குறைதான் பெரியது. படகின் குறுக்கே ஒரு நீளப் பலகை இருந்தது. அதை உட்காரும் பலகை என்று எண்ணி, வெளியே நீண்ட பகுதியை அறுத்துவிட்டு ஆணி அடித்துவிட்டார்கள். உண்மையில் அது சமன் பலகை. காற்று வரும் பக்கமாக அதை வெளியே நீட்டி, ஆட்கள் அதன் மேல் ஏறி நிற்பார்கள். ஆளின் எடை நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அவ்வளவு திருப்புத்திறன் கிடைக்கும். காற்றின் சாய்ப்பை அது ஈடுசெய்யும். மதராஸ் மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகுகளைப் பற்றி 1920-இல் வெளியிட்ட ஆய்வில் இப்பலகையை விவரித்திருக்கிறார்.

சரி, பலகை முழுதாக இருந்திருந்தால் படகு நின்றிருக்குமா? அப்போதும் ஐயமே. அதற்குக் காரணம் ஆசாரி அல்லர், அளவு விதி. நீளம் 10-இல் ஒரு பங்கானால் பாயின் பரப்பு 100-இல் ஒரு பங்காகும். எடையோ 1000-இல் ஒரு பங்காகிவிடும். 2 டன் படகுக்கு 2 கிலோ மாதிரி. அதே காற்றில் சாய்க்கும் திருப்புத்திறன், விசையும் உயரமும் சேர்ந்து, 1000-இல் ஒரு பங்காகக் குறைகிறது. நிமிர்த்தும் திருப்புத்திறனோ எடையும் தூரமும் சேர்ந்து 10,000-இல் ஒரு பங்காகக் குறைகிறது. ஆகவே மாதிரி 10 மடங்கு எளிதில் சாயும். காற்றின் விசை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. எனவே கடலில் மணிக்கு 16 கிலோமீட்டர் காற்று வீசினால், மாதிரிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் காற்றே சமம். மின்விசிறிக் காற்று அந்தப் படகுக்குப் புயல்!

ஓட்டுவதற்கென்றே செய்யப்படும் பந்தய மாதிரிகளில் அடியில் ஆழமாக ஈயக்குண்டு தொங்குவது இதனால்தான். உருவத்தில் உண்மையான மாதிரியும் நீரில் ஓடும் மாதிரியும் ஒன்றல்ல. பழையதை ஓடவைக்க ஈயம் கட்டினால் உருவம் கெடும். பழையதைப் பழையதாகவே காத்து, ஓட்டிப் பார்க்க ஒரு நகல் செய்வதே சரியான வழி.

இது வெறும் பொழுதுபோக்கு அன்று. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்மரக் கப்பல் 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை சென்றது. இன்று நம் தோணிகளும் வள்ளங்களும் இயந்திரத்தால் ஓடுகின்றன. பாயைக் கையாண்ட அறிவு எஞ்சியிருக்கும் இடங்களில் இத்தகைய மாதிரிகளும் அடங்கும்.

ஆகவே மாணவர்களே, பழைய பொருள் கையில் கிடைத்தால் முதலில் அளந்து, எடைபோட்டு, படம் எடுங்கள். அதன்பின் கடலோரத்துப் பெரியவர் ஒருவரிடம் காட்டி, "ஐயா, இந்தப் பலகை எதற்கு?" என்று கேளுங்கள். ரம்பத்தை எடுப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.