கலூகாத் தபாலட்டையும் பேக்கரும்பு மண்டபமும்

பழைய நூலொன்றைப் புரட்டியபோது இதழ்களின் இடையே சோவியத் நாட்டுப் படத் தபாலட்டையொன்று கிடைத்தது. கலூகா நகரில் 1958ஆம் ஆண்டு நிறுவப்பட்ட சியோல்கோவ்ஸ்கி நினைவுச்சின்னம் அதிற் காணப்படுகின்றது. வானை நோக்கி நிமிர்ந்த ரொக்கெற் வடிவம்; அதன் அடியில், அண்ணாந்து நோக்கும் முதியவர். இரத்தோட்டையில் என்னிடம் பயிலும் மாணவன் ஒருவன் அதனைக் கண்டு, "இந்த ரொக்கெற்றை இவரா சேர் செய்தார்?" என வினவினான். சிற்பத்தின் குறையை அவ்வினா தொட்டுவிட்டது.

சியோல்கோவ்ஸ்கி (1857 - 1935) விண்ணுக்கு ஒரு ரொக்கெற்றையேனும் ஏவியவரல்லர். சிறு வயதிற் கண்ட நோயாற் செவிப்புலன் குன்றி, பள்ளிப் படிப்பும் தடைப்பட, நூல்நிலையத்தில் தாமே கற்று, 1879இல் வெளிவாரியாகத் தேர்வெழுதி ஆசிரியரானார். (வெளிவாரித் தேர்வின் பாடு அதனை எழுதினார்க்கே தெரியும்.) பொரோவ்ஸ்கிலும் கலூகாவிலும் கணிதம் கற்பித்துக்கொண்டே, ரொக்கெற்றின் வேகத்துக்கும் அது எரித்துக் கழிக்கும் நிறைக்கும் உள்ள தொடர்பைக் கணித்து 1903இல் வெளியிட்டார். அவர் தந்தது கணக்கு. ஸ்புட்னிக் பறந்த மறு ஆண்டில் எழுந்த சின்னமாதலின், அங்கு வேண்டப்பட்டவர் தீர்க்கதரிசியே; பள்ளி ஆசிரியரல்லர். எனினும் ஒன்றை ஒப்புக்கொள்ளல் வேண்டும். ரொக்கெற் பெரிது, மனிதர் சிறியர். காண்பவனும் அவரோடு சேர்ந்தே மேலே நோக்குகின்றான். அவ்வளவிற் சிற்பி வென்றுவிட்டார்.

இராமேசுவரத்தை அடுத்த பேக்கரும்பில் உள்ள அப்துல் கலாம் மண்டபத்தின் படத்தையும் மாணவனிடம் காட்டினேன். "இது டில்லியா சேர்?" என்றான். அவனிற் பிழையில்லை. கலாம் அடக்கம் செய்யப்பெற்ற இடத்தில் இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் எழுப்பி, 2017 யூலை 27இல் திறக்கப்பட்ட அம்மண்டபத்தின் வாயில் இந்தியா வாயிலைப் போன்றது. குவிமாடம் குடியரசுத் தலைவர் மாளிகையினது. வெளியே அக்கினி ஏவுகணையின் உருவம். யாத்திரிகருக்காகத் தந்தையார் கட்டிய தோணி எங்கே? கடல் எங்கே? விண்வெளித் துறையில் கலாமின் பெரும்பேறு எஸ்.எல்.வி.-3. அது 1979 ஓகஸ்ற் 10இற் கடலில் வீழ்ந்தது. 1980 யூலை 18இல் றோகிணிச் செய்மதியை வட்டப்பாதையில் ஏற்றியது. வீழ்ந்து எழுந்த அக்கலத்தை விடுத்துப் படைக்கலத்தை முன்னிறுத்தியமை எனக்கு உடன்பாடன்று.

உள்ளே கலாமின் வீணைச் சிலையருகிற் கீதையைப் பொறித்தமை பற்றி 2017இற் பெரும் வாதம் எழுந்தது. வீணை அவர் மெய்யாகவே மீட்டியது. டில்லி மாளிகையோ அவர் ஐந்தாண்டு தங்கிச் சென்ற இடம். வாதிட்டோர் அதனை வினவியிருக்கலாம்.

2012 சனவரியில் யாழ்ப்பாணம் வந்து மாணவரிடையே பேசியவர் அவர். 2015இல் ஷில்லொங்கில் மாணவர் முன் உரையாற்றும்போதே சாய்ந்தார். ஐந்தாம் வகுப்பிற் சிவசுப்பிரமணிய ஐயர் கரும்பலகையிற் பறவையொன்றை வரைந்து, அது பறக்கும் வகையை விளக்கி, பின்னர் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று மெய்யான பறவைகளைக் காட்டினார் என்பது கலாம் தாமே பலகாற் சொன்ன செய்தி. சிற்பிக்குரிய பொருள் அதுவே. அக்கடற்கரையும் மண்டபத்துக்குத் தொலைவிலில்லை.