பேரன் முத்திரையில் ஒளிந்த பாட்டனார்

கோடீஸ்வர ஐயரின் கிருதியை யார் பாடினாலும் சரணத்தில் பெரும்பாலும் ஒரு பெயர் வந்து நிற்கும்: கவி குஞ்சர தாசன். ரசிகப்ரியாவில் 'அருள் செய்ய வேண்டும்' கேட்டுத் தலையாட்டுகிற நம்மில் எத்தனை பேர் அந்தக் குஞ்சரம் யார் என்று கேட்டிருக்கிறோம்? அவர் வேறு யாருமில்லை, ஐயரின் பாட்டனார். நம் சிவகங்கைச் சீமைக்காரர். பேரன் பக்தியோடு பொறித்த முத்திரையில் பாட்டனாரின் பெயர் ஊர் ஊராகப் போகிறது. அவருடைய பாட்டுகள் போகவில்லை.

கவி குஞ்சர பாரதி பெருங்கரையில் 1810இல் பிறந்தார். மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டு 9 வருஷம்தான் ஆகியிருந்தது. சீமை ஜமீனாகச் சுருங்கிவிட்டாலும் அரண்மனையில் கவிக்கும் பாட்டுக்கும் இடம் இருந்தது. கோடீஸ்வர பாரதி என்ற இளைஞருக்குக் கவி குஞ்சரம் என்ற பட்டம் அங்கேதான் கிடைத்தது. 1840 வாக்கில் அழகர் குறவஞ்சி. பிறகு ராமநாதபுரம் சேதுபதிகளின் ஆதரவு. அந்தக் காலத்தில் கந்தபுராணக் கீர்த்தனை. இவற்றோடு நாயகி பாவப் பதங்கள். 1896இல் மறைந்தார்.

பதங்களில் இரண்டொன்று இன்னும் பரதநாட்டிய மேடையில் உயிரோடு இருக்கின்றன. பேச்சுத் தமிழின் குத்தலும் கொஞ்சலும் இழையும் பதங்கள் அவை. ஆனால் பதத்தை மட்டும் கேட்டு அவரை எடைபோடுவது பெரிய அநியாயம். அவருடைய கெட்டிக்காரத்தனம் நாடகத்தில் இருக்கிறது.

குறவஞ்சியின் கட்டுக்கோப்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான். கட்டியக்காரன் வருவான், சுவாமி உலா வருவார், பந்தாடிக்கொண்டு நாயகி வருவாள், காதல் கொள்வாள், நிலவைத் திட்டுவாள், தோழியைத் தூது அனுப்புவாள். பாதி நாடகம் இப்படி விரகத்தில் கனக்கும்போது கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு குறத்தி நுழைவாள். மேடையின் காற்றே மாறிவிடும். அதுவரை இழுத்து இழுத்துப் போன காலப்பிரமாணம் துள்ள ஆரம்பிக்கும். மலைவளம் பாடி, கைபார்த்து, குறி சொல்லி அவள் பரிசு வாங்கிப் போனதும் சிங்கன் வருவான், பறவை பிடிக்கக் கண்ணி வைப்பான், காணாமல்போன சிங்கியைத் தேடி அலைவான். கடைசியில் இருவரும் சந்தித்து, நகை எங்கே கிடைத்தது என்று கேள்வியும் பதிலுமாகப் போகும் சண்டை.

இந்த இரண்டு உலகத்தையும் ஒரே கவி தன் பாட்டால் தைக்க வேண்டும். நாயகியின் பாட்டில் ராகம் ததும்ப வேண்டும். குறத்தியின் பாட்டில் தாளம் குதிக்க வேண்டும். ஒன்றைக் கேட்ட சூட்டோடு அடுத்ததைக் கேட்டால்தான் இரண்டின் ருசியும் தெரியும். தனியாகப் பிய்த்தெடுத்த ஒரு பாட்டில் அந்த ருசி பாதிதான். அதிலும் பாட்டுடைத் தலைவர் அழகர்! நூபுர கங்கையும் பதினெட்டாம்படிக் கருப்பும் உள்ள மலை, சித்திரையில் ஆற்றில் இறங்கும் தெய்வம். மதுரையில் மட்டுமா, நம் மானாமதுரையிலும் வீர அழகர் வைகையில் இறங்குகிறார். குறத்தி எந்த மலையைப் பாடுகிறாள் என்று இந்தப் பக்கத்து ரசிகருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் ஏன் கேட்க வாய்ப்பில்லை? கிராமபோன் மேல் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. காரைக்குடிக் கடையில் இசைத்தட்டு விற்கத் தொடங்கிய ஏ.வி. மெய்யப்பன் சரஸ்வதி ஸ்டோர்ஸ் மூலம் தட்டுகளை வெளியிடும் அளவுக்கு வளர்ந்தது இந்த ஊரின் பெருமை. ஆனால் அன்றைய தட்டில் பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிஷம்தான். நாடகத்திலிருந்து ஒரு பாட்டை உருவி எடுத்தால்தான் அதில் அடங்கும். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்துக்குக் கதாகாலட்சேபமும் நாடக மேடையும் கைகொடுத்தன, 1935இலும் 1942இலும் சினிமாவும் கைகொடுத்தது. (முதலில் அது அச்சேற உதவியவர் காரைக்காலில் இருந்த சீசே என்ற பிரெஞ்சு அதிகாரி என்பது தனிச் சுவை.) திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியை 1944இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திராவில் மேடையேற்றினார். அருணாசலக் கவிராயரின் ராம நாடகப் பாட்டுகளுக்குப் புது மெட்டமைத்துக் கச்சேரிக்குக் கொண்டுவந்தவர் காரைக்குடிக்குப் பக்கத்து அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். இப்படி ஒரு பெரிய கை கவி குஞ்சரத்துக்கு வாய்க்கவில்லை.

இத்தனைக்கும் அந்தக் கை வெகு தூரத்தில் இல்லை. அரியக்குடியும் கோடீஸ்வர ஐயரும் ராமநாதபுரம் பூச்சி சீனிவாச ஐயங்காரிடம் கற்றவர்கள்! பேரனின் கவனமோ 72 மேளகர்த்தாக்களில் இருந்தது. 'கந்த கானாமுதம்' 1932இல் வெளிவந்தது. அவருக்கு எஸ். ராஜம் என்று ஒரு மனுஷர் கிடைத்தார். ஓவியர், நடிகர், பாடகர். விவாதி மேளம் என்றாலே ஒதுங்கிய காலத்தில் அந்தக் கிருதிகளைப் பிடிவாதமாகப் பாடி, கற்றுக்கொடுத்து, பதிவாகவும் விட்டுப்போனார். ஒரு வாக்கேயக்காரர் பிழைக்க ஒரு ராஜம் போதும். பாட்டனார் இன்னும் அந்த ஒருவருக்காகக் காத்திருக்கிறார்.

மறந்துபோன இசை நாடகத்தை மீட்க வழி உண்டு என்பதற்கு ஒரு வெளியூர்க் கதை. பாரீஸில் மேயர்பேர் என்று ஒரு ஆபரா இசையமைப்பாளர். அவருடைய 'லே யுக்னோ' 1836இல் அரங்கேறி, பாரீஸ் ஆபரா அரங்கில் மட்டும் ஆயிரம் தடவைக்கு மேல் நடந்தது. பிறகு மவுசு போயிற்று. ஜோன் சதர்லண்ட் பாட, டெக்கா கம்பெனி அதைப் பல தட்டுகளில் வெளியிட்ட பிறகு வீட்டில் உட்கார்ந்தே அந்தப் பிரம்மாண்டத்தைக் கேட்க முடிந்தது. இன்று வெனிஸில் இருக்கும் பலாட்ஸெட்டோ ப்ரு ஸானே என்ற நிறுவனம் மறந்துபோன பிரெஞ்சு ஆபராக்களைத் தேடிப் பிடித்துப் புத்தகமும் இசைத்தட்டுமாகச் சேர்த்து வெளியிடுகிறது. அவர்கள் ஒன்றிரண்டு பாட்டோடு நிறுத்திக்கொள்வதில்லை, பெரும்பாலும் முழு நாடகத்தையே தருகிறார்கள்.

அழகர் குறவஞ்சிக்கும் அது வேண்டும். கட்டியக்காரன் முதல் சிங்கன், சிங்கி வரை, நட்டுவாங்கமும் மிருதங்கமும் நாகஸ்வரமும் சேர, ஒரே தொகுப்பாக. பழைய மெட்டு கிடைக்கிற இடத்தில் அதையே பாடட்டும். கிடைக்காத இடத்தில் அரியக்குடி செய்ததுபோலத் துணிந்து புது மெட்டு போடட்டும். சுத்தம் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதைவிட அது மேல்.

இதற்குப் பணமும் மனமும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. தமிழிசைக்காக 1941இல் மாநாடு கூட்டியவர் கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார். 1939 முதல் கம்பனுக்கு விழா எடுக்கிற ஊர் காரைக்குடி. கம்பன் விழாவை நடத்தத் தெரிந்த ஊர், வருஷத்தில் ஒரே ஒரு ராத்திரியை நம் சீமைக் கவிக்கு ஒதுக்கி அழகர் குறவஞ்சியை முழுசாக ஆடவைத்து, அதைப் பதிவும் செய்துவிட வேண்டும். நகரத்தார் சங்கங்களில் பொறுப்பில் இருப்பவர்கள் அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள்.