பதிவாகாத இரவுகள்

ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்து இருபது வருஷம் ஆன இரண்டு பேரை ஒரே மேஜையில் உட்கார வையுங்கள். பத்து நிமிஷத்தில் பேச்சு ஓ.ஏ.டி.க்கு வந்துவிடும். திறந்தவெளி அரங்கம், அரைவட்டமாக ஏறிப்போகும் படிகள், சனிக்கிழமை இரவு சினிமா, வருஷத்துக்கு ஒருமுறை ராக் ஷோ. நான் ஐ.ஐ.டி.காரன் இல்லை. ஆனால் மென்பொருள் வேலையில் பதினைந்து வருஷமாக ஐ.ஐ.டி.காரர்கள் சூழத்தான் இருக்கிறேன். இந்தக் கதைகளை மதிய உணவு இடைவேளைகளில் நிறையவே கேட்டாகிவிட்டது.

கேட்கக் கேட்க ஒன்று உறுத்த ஆரம்பித்தது. கதைகளில் எல்லாம் இருக்கும்: மழை வந்தது, கரண்ட் போனது, கூட்டமே சேர்ந்து பாடியது, யாரோ மேடையில் ஏறப்போய் இழுத்துப் போடப்பட்டது. இசை மட்டும் இருக்காது. "அந்த பேண்ட் எப்படி வாசிச்சாங்க சார்?" என்று கேட்டால் ஒரு நொடி யோசிப்பார்கள். பிறகு, "அப்படியே ரெக்கார்ட் மாதிரி." அதுதான் அதிகபட்சப் பாராட்டு. டீப் பர்ப்பிளை டீப் பர்ப்பிள் மாதிரியே, பிங்க் ஃபிளாய்டை பிங்க் ஃபிளாய்டு மாதிரியே.

இந்தப் பாராட்டு எனக்கு ரொம்பப் பழக்கமானது. விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் ஆடி மாதம் மாரியம்மன் கோயில் தீமிதி முடிந்ததும் ஆர்கெஸ்ட்ரா நடக்கும். சீரியல் லைட், ஆளுயர ஸ்பீக்கர், ஒரு கீபோர்டு, ரிதம் பேட், பேஸ் கிடார். பாட்டு முடிந்து கீழே இறங்கும் கீபோர்டுகாரரிடம் ஊர்ப் பையன்கள் போய்ச் சொல்வார்கள்: "அப்படியே கேசட்ல கேட்ட மாதிரி இருந்துச்சுண்ணே." அவரும் பூரித்துப்போவார். ஓ.ஏ.டி. ரசிகரும் எங்கள் ஊர் ரசிகரும் ஒருவரையொருவர் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. முன்னவருக்குப் பின்னவரின் இசை மேல் கொஞ்சம் இளக்காரமும் உண்டு. ஆனால் இருவர் கையில் இருந்ததும் ஒரே அளவுகோல். எங்கோ ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவான மூலத்துக்கு மேடையில் நிற்பவர் எவ்வளவு விசுவாசமாக இருக்கிறார் என்பதே இருவரின் கேள்வியும்.

இதைச் சொல்லும்போது எதிர்ப்பக்கத்தில் வைக்க ஒரு இசைத்தட்டு வேண்டும். 'தி ஹூ' குழுவின் 'லைவ் அட் லீட்ஸ்'. 1970 பிப்ரவரி 14 அன்று லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ரெஃபெக்டரியில் பதிவானது. ரெஃபெக்டரி என்றால் பெரிய அரங்கமாக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். மாணவர்கள் மதியம் தட்டோடு வரிசையில் நிற்கும் சாப்பாட்டுக்கூடம். சாயங்காலம் மேஜைகளை ஓரங்கட்டினால் அதுவே மேடை. அந்தக் காலத்து பிரிட்டனில் ராக் குழுக்களுக்குப் பல்கலைக்கழகங்கள் ஒரு முக்கியமான சுற்றுப்பாதை. ஊர் ஊராகக் கச்சேரி ஏற்பாடு செய்ய மாணவர் சங்கங்கள் இருந்தன, அவற்றிடம் பணமும் கூடமும் இருந்தன. 1972 பிப்ரவரியில் பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னியே தன் புதுக் குழுவான விங்ஸை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக வாசலில் முன்னறிவிப்பில்லாமல் போய் நின்றார். விங்ஸின் முதல் கச்சேரி அங்கேதான்.

லீட்ஸ் தட்டின் பின்கதை எனக்குப் பிடித்தமானது. அதற்கு முந்தைய அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் கச்சேரிகள் எல்லாம் டேப்பில் இருந்தன. மணிக்கணக்கான அந்த டேப்புகளைக் கேட்டுத் தேர்ந்தெடுக்கப் பொறுமையில்லாமல், திருட்டுப் பதிப்பாக வெளியே போய்விடவும் கூடாது என்று, பீட் டவுன்ஷெண்ட் எல்லாவற்றையும் எரிக்கச் சொல்லிவிட்டார். புதிதாக இரண்டு இரவுகளைப் பதிவு செய்தார்கள். முதல் நாள் லீட்ஸ், மறுநாள் ஹல். ஹல் டேப்பில் முதல் சில பாடல்களுக்கு பேஸ் கிடார் பதிவாகவில்லை. மிஞ்சியது லீட்ஸ். மே மாதம் தட்டு வந்தபோது உறை திருட்டுப் பதிப்பு போலவே இருந்தது: பழுப்பு அட்டை, ரப்பர் ஸ்டாம்ப் அடித்த மாதிரி எழுத்து. உள்ளே கேட்கும் கரகரப்பு பிழையல்ல, திருத்த வேண்டாம் என்று லேபிளிலேயே கையால் எழுதி வைத்திருந்தார்கள்.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அந்த முதல் தட்டில் மொத்தம் 6 பாடல்கள். அதில் 3 அவர்களுடையவையே அல்ல. மோஸ் ஆலிசன், எடி காக்ரன், ஜானி கிட் ஆகியோர் முன்பே பாடியவை. அதாவது தட்டில் பாதி 'கவர்'. ஆனால் கேட்கும்போது எவருக்கும் 'அப்படியே மூலத்தைப் போல' என்று சொல்லத் தோன்றாது. பியானோவோடு சாவகாசமாகப் போகும் ஒரு ஜாஸ் பாட்டு, கட்டடம் இடிகிற மாதிரி ஆகிவிடுகிறது. சொந்தப் பாட்டையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. 1965-இல் 3 நிமிஷத்துச் சொச்சமாக வந்த 'மை ஜெனரேஷன்' லீட்ஸில் 14 நிமிஷத்தைத் தாண்டுகிறது. நடுவில் வேறு பாட்டுகளின் துண்டுகள் வந்து போகின்றன. ஒரு இடத்தில் இசை தரைக்கு இறங்கி, கிட்டத்தட்ட நின்றுபோய், மறுபடி கிளம்புகிறது. அடுத்து என்ன என்பது வாசிப்பவருக்கே அந்த நொடியில் முழுசாகத் தெரிந்திருக்காது என்று எனக்குப் படுகிறது. நேரடிக் கச்சேரிக்குப் போக இதைவிட வேறு காரணம் வேண்டுமா?

இந்தக் குணம் தமிழருக்கு அன்னியம் இல்லை. எங்கள் மாவட்டம் தெருக்கூத்தின் சொந்த மண். இரவு தொடங்கி விடிய விடிய ஆடுவார்கள். பாரதக் கதை எல்லோருக்கும் தெரியும், முடிவும் தெரியும். ஆனாலும் கட்டியங்காரன் அன்றைய ஊர்ச் சண்டையை, எதிரே உட்கார்ந்திருக்கும் நாட்டாமையை, பாட்டுக்கு நடுவில் இழுத்துப் போடுவான். முகவீணைக்காரர் அதற்கு ஏற்றபடி இழுத்துக்கொடுப்பார். கூத்தைப் பார்த்துவிட்டு யாரும் 'ரெக்கார்ட் மாதிரி' என்று சொன்னதில்லை. "போன வருஷத்தைவிட இந்த வருஷம் துரியோதனன் சரியில்லப்பா" என்பார்கள். நூறு குறை சொல்லும் அந்தக் கிழவருக்கு இசை ஞாபகம் இருக்கிறது. ராக் ஷோவை நெகிழ்ந்து நெகிழ்ந்து சொல்லும் என் மேலாளருக்கு மழைதான் ஞாபகம் இருக்கிறது.

கொஞ்சம் வரலாறு. ஐ.ஐ.டி. விழா 1974-இல் 'மார்டி கிரா' என்ற பெயரில் தொடங்கியது. 1996-இல் அது 'சாரங்' ஆனது. பெயர் மாறினாலும் ராக் இரவு தொடர்ந்தது. 2009-இல் ஸ்வீடனின் ஓபெத் குழு ஓ.ஏ.டி.யில் வாசித்தது. திண்டிவனம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நாங்கள் நாலு பேர் அதற்குப் போனோம். ஓபெத்தை எம்.பி.3-யில் கேட்டுத் தேய்த்திருந்தோம். அடிவயிற்று உறுமலிலிருந்து மிக்கேல் ஓகர்ஃபெல்ட் சட்டென்று மென்குரலுக்கு மாறும் இடத்தை நேரில் கேட்கவேண்டும், அவ்வளவுதான். கேட்டோம். முடிந்ததும் கிண்டியில் மின்சார ரயில் பிடித்து, பெருங்களத்தூரில் இறங்கி, தெற்கே போகிற பஸ்ஸுக்குக் கை காட்டி, திண்டிவனம் சேர்ந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. ஜி.எஸ்.டி. சாலையில் அந்த நேரத்திலும் பஸ் கிடைக்கும் என்பது எங்கள் ஊர்க்காரனின் சின்னப் பெருமை. நண்பன் பாலாறு வரைக்கும் பேசவே இல்லை. அப்புறம், "மச்சி, சொந்தப் பாட்டுடா" என்றான்.

அவன் சொன்னதில் ஒரு விமர்சனம் இருந்தது. அதற்கு முன்பும் பின்பும் நாங்கள் கல்லூரி மேடைகளில் பார்த்த பையன்கள் திறமைசாலிகள். விரல்கள் பறக்கும். ஆனால் போட்டிக்கு வந்தால் மெட்டாலிகா, அயர்ன் மெய்டன். சொந்தப் பாட்டு என்று ஒன்று வந்தால் அதுவும் இங்கிலீஷில், பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி. கேரளத்திலிருந்து அவியல் குழு 2008-இல் மலையாளத்திலேயே ஒரு முழு ஆல்பம் கொண்டுவந்தது. அதே வருஷங்களில் தமிழ்க் கல்லூரி மேடைகள் ஏன் தமிழில் கத்தவில்லை?

வழக்கமான பதில், சினிமா எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது என்பது. பாதி உண்மை. சினிமாவுக்கு வருமுன் ஏ.ஆர். ரஹ்மான் சென்னையில் 'நெமிசிஸ் அவென்யூ' என்ற ராக் குழுவை நடத்தியவர். 'ரூட்ஸ்' குழுவில் சிவமணி, சுரேஷ் பீட்டர்ஸ் போன்றவர்களோடு வாசித்தவர். 1993-இல் 'ஜென்டில்மேன்' படத்தின் 'சிக்கு புக்கு ரயிலே' பாட்டுக்குக் குரல் கொடுத்தது அதே சுரேஷ் பீட்டர்ஸ். அந்தப் பாட்டை எங்கள் ஊர் ஆர்கெஸ்ட்ராக்கள் வாசித்துத் தீர்த்தன. ஆக, மெட்ராஸ் ராக் மேடையில் பழகிய கைகளும் தொண்டைகளும் ஒலிப்பதிவுக் கூடம் வழியாக மாரியம்மன் கோயில் மேடைக்கு வந்துவிட்டன. 'ராக் தமிழ்நாட்டில் வேர்விடவே இல்லை' என்று பெருமூச்சு விடுகிறவர்கள் தீமிதித் திருவிழாவுக்கு வந்ததில்லை. அந்த பேஸ் கிடார்காரரைப் பற்றி ஒரு நினைவுக் கட்டுரை எழுத யாருக்கும் தோன்றியதும் இல்லை.

மீதிப் பாதிக்குப் பல்கலைக்கழக வளாகமே பதில். அங்கே ராக் என்பது ஒரு மொழித் தேர்வாகவும் இருந்தது. இங்கிலீஷ் பாட்டின் வரி தெரிந்தவன் உள்ளே, தெரியாதவன் படியின் மேல்வரிசையில். அந்தச் சொகுசான எல்லைக்கோட்டைத் தமிழில் பாடி அழித்துக்கொள்ள யாருக்கும் அவசரமில்லை. கடைசியில் தமிழில் கிடாரும் டிரம்ஸும் கோபமும் சேர்ந்து ஒரு மேடை ஏறியபோது அது கல்லூரி விழாவாக இல்லை. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' பாடியது. பா. ரஞ்சித்தின் நீலம் அமைப்பு முன்னெடுக்க, டென்மா இசையமைக்க, கானாக்காரர்களும் ராக் கிடாரும் ஒரே மேடையில். அன்றைய இரவைப் பற்றிப் பேசுகிறவர்கள் எந்தப் பாட்டு, என்ன சொன்னது என்று வரி வரியாகச் சொல்கிறார்கள். மழையைப் பற்றிப் பேச்சில்லை.

இதனால் ஓ.ஏ.டி. நினைவுகள் பொய் என்று நான் சொல்லவில்லை. பத்தொன்பது வயதில், வீட்டை விட்டு வந்த முதல் வருஷத்தில், ஆயிரம் பேரோடு சேர்ந்து கத்துவது பெரிய விஷயம்தான். அது கூட்டத்தின் நினைவு, இசையின் நினைவாக அதை விற்காதீர்கள் என்பது மட்டுமே என் வழக்கு. சரிபார்க்க நம்மிடம் ஒரு 'லைவ் அட் மெட்ராஸ்' இல்லை. டவுன்ஷெண்ட் எரிக்கச் சொன்ன டேப்புகளாவது முதலில் இருந்தன.

ஆனால் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் படியில் உட்கார்ந்து டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டவன் எந்த ஊர்க் கூட்டத்திலும் ஒருத்தன் இருப்பான். சென்னை ஈரத்தில் கேசட் நாடா பூஞ்சை பிடிக்கும், ஒட்டிக்கொள்ளும். அலமாரியில் அப்படி ஒன்று கிடந்தால் எடுத்து, ஒரு பழைய டெக்கைத் துடைத்து, ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் சுத்தம் செய்து, கணினியோடு இணைத்து ஓடவிடுங்கள். இதில் அவசரப்பட வழியில்லை: சி-90 கேசட்டை மாற்ற முழுசாக 90 நிமிஷம் ஆகும். கூடவே உட்கார்ந்து கேட்டுத்தான் ஆகவேண்டும்.