நாலடியாரில் நிலையாமை – ஒரு மதிப்பீடு

நாலடியார் பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்று. நான்கடி வெண்பாக்கள் 400 கொண்டது. சமண முனிவர்கள் பலர் பாடிய பாடல்களின் தொகுப்பு என்பது மரபு. பாடல்களை 40 அதிகாரங்களாக வகுத்தவர் பதுமனார் என்பர். திருக்குறளோடு சேர்த்துப் போற்றப்படும் இந்நூலின்மீது ஒரு குறை சொல்லப்படுவதுண்டு: வாழ வேண்டியவர்களுக்கு இது சாவையே நினைவூட்டுகிறது என்பதே அது.

வைப்புமுறை

திருக்குறள் அன்பு, விருந்தோம்பல், ஈகை முதலிய இல்லற அறங்களைச் சொல்லி முடித்த பின்னரே, 34-ஆம் அதிகாரத்தில் நிலையாமையைப் பேசுகிறது. அதற்கு அது ஒதுக்கியது பத்துக் குறள்களே. நாலடியாரோ செல்வம், இளமை, யாக்கை ஆகிய மூன்றின் நிலையாமையையும் முதல் மூன்று அதிகாரங்களாக வைத்து, 30 பாடல்களில் விரிக்கிறது. எனவே மேற்சொன்ன குறை அடிப்படையற்றது அன்று. ஆயினும் அப்பாடல்கள் எதை நோக்கிச் செல்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும்.

உவமைகளின் நோக்கம்

செல்வம் வண்டிச் சக்கரம்போல் இடம் மாறும். மணவீட்டில் ஒலித்த பறையே அன்றைக்கே பிணப்பறை ஆகலாம். காற்றடித்தால் பழுத்த கனி மரத்தில் இருக்க, நல்ல காய் உதிர்ந்துவிடலாம். இவை அச்சமூட்டும் காட்சிகள். ஆனால் அவற்றின் முடிவு பெரும்பாலும் ‘விட்டு ஓடு’ என்பதோடு நிற்பதில்லை. ‘இருக்கும்போதே கொடு, இன்றே அறம் செய்’ என்பதாகவும் அமைகிறது. நான்காம் அதிகாரமான அறன் வலியுறுத்தலில் வரும் கரும்பு உவமை இதைத் தெளிவாக்கும். காலத்தே கரும்பை ஆட்டி வெல்லக்கட்டி எடுத்துக்கொண்டவர், பின்னர்ச் சக்கை எரிவதைக் கண்டு வருந்துவதில்லை. உடலும் அத்தகையதே. அதனால் ஆகும் பயனைப் பெற்றவருக்குச் சாவு இழப்பாவதில்லை. கரும்பைப் பழிக்காமல் ஆட்டச் சொல்லும் இப்பாடலை வாழ்வை வெறுக்கும் பாடல் என்று கூற முடியாது.

குறைகள்

தூய்தன்மை அதிகாரம் ஆசையை அறுப்பதற்காகப் பெண்ணுடலை அருவருப்பாகக் காட்டுகிறது. துறவிக்குச் சொன்ன அறிவுரை என்று விளக்கினாலும், உடல் எவருக்கும் ஒன்றுதானே என்ற வினா எஞ்சுகிறது. திருக்குறள் காமத்துப்பாலுக்கு 25 அதிகாரங்கள் அளிக்க, இங்குக் காதலுக்கெனக் காமநுதலியல் என்னும் ஓர் அதிகாரமே கிடைக்கிறது. அன்பின் ஆழத்தை இந்நூலில் நட்பைப் பற்றிய பாடல்களில்தான் காண முடிகிறது. நெல்லில் உமியும் நீரில் நுரையும் இருப்பதுபோல நண்பரிடமும் குறை இருக்கும். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்ற கருத்து, உறவுகளை எளிதில் முறித்துக்கொள்பவர்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது.

பிறப்பைப் பற்றியும் நூலில் முரண் உண்டு. குடிப்பிறப்பு என்னும் அதிகாரம் உயர்குடியை மெச்சுகிறது. தாளாண்மை அதிகாரத்துப் பாடல் ஒன்றோ நல்ல குலம், தீய குலம் என்பவை வெறும் சொல்லே என மறுத்து, தவம், கல்வி, முயற்சி முதலியவற்றையே உயர்வுக்குக் காரணமாக்குகிறது. இது பலர் பாடிய தொகுப்பு என்பதை நினைத்தால் முரண் வியப்பளிக்காது. இரண்டையும் மாணவர்க்குக் காட்டுவதே நேர்மை. ஒன்றை மட்டும் காட்டுவது நூலுக்குச் செய்யும் உதவி ஆகாது.

முடிவு

நாலடியாரைத் திருக்குறளின் நிழலாகக் கொள்வது பொருந்தாது. வாழ்வு முழுமைக்கும் வழி வகுப்பது குறள். நாள் கடந்துகொண்டிருக்கிறது என்று எச்சரிப்பது நாலடியார். நல்லதைப் பிறகு செய்துகொள்ளலாம் என்று ஒத்திவைக்கும் பழக்கம் இருக்கும்வரை அந்த எச்சரிக்கைக்குத் தேவை இருக்கும்.